நட்சத்திர ஆமை: தூக்காதீங்க... படம் எடுங்க!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது பழமொழி. இன்றோ அதிர்ஷ்டம் வரும் என்று நம்பி, நட்சத்திர ஆமையைக் காசு கொடுத்து வாங்கி ஒளித்து வளர்க்கிறார்கள். அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். ஆமைக்குப் பின்னாலேயே வனத்துறையும் வாசலுக்கு வரும்! 2019-ல் சர்வதேச வணிகத்துக்கும் தடை வந்தது. ஆனாலும் விமான நிலையங்களில் பிடிபடுவது நிற்கவில்லை.

கறுப்பு ஓட்டில் நட்சத்திரமாக விரியும் மஞ்சள் கோடுகள் நமக்கு அழகு; காய்ந்த புல்லுக்குள் ஆமைக்கு அதுவே மறைவிடம். புதர்க்காடுகளில் வாழும் இது, மழைக்காலத்தில்தான் அதிகம் நடமாடும்.

கண்ணில் பட்டால்...

* தூக்காதீர்கள். பயத்தில் சிறுநீர் கழித்துவிடும். வறண்ட நாட்களுக்காக உடலில் சேர்த்துவைத்த நீர் அது.

* 'பாவம்' என்று கிணற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். இது தரை ஆமை, மூழ்கிவிடும்.

* சில அடி தள்ளி உட்கார்ந்து, போனைத் தரையோடு பிடியுங்கள். அசையாமல் இருந்தால் உள்ளே இழுத்த தலை தானாக வெளியே வரும். ஃப்ளாஷ் வேண்டாம்.

* கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். ஊர்ப் பெயரோடு பகிர்ந்தால், கடத்தல்காரர்களுக்கு நாமே வழி சொன்னதாகிவிடும்.

நிதானமாகப் பார்க்க ஆசையா? குழந்தைகளோடு உயிரியல் பூங்காவுக்குப் போங்கள். கண்ணாடித் தடுப்பு இருந்தால், லென்ஸை அதில் ஒட்டிப் பிடியுங்கள்; பிம்பம் விழாது.

புதரில் பார்த்த ஆமையைப் புதரிலேயே விட்டு, படத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஆமை புகுந்த வீடு நன்றாகவே இருக்கும்!