குறுக்கே ஆடும் வால்

“வாலாட்டின்னா ஏரிக்கரையில, சேத்துல ஓடுற குருவி. அது ஏன் சார் என் முந்திரித் தோப்புக்குள்ள சுத்துது?”

ஓமந்தூர் டீக்கடையில் பெரியவர் கேட்டார். நான் திருப்பி ஒன்று கேட்டேன்: “வாலை எப்படிங்கய்யா ஆட்டுது? மேலும் கீழுமாவா?” கையிலிருந்த கிளாஸை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். பாதி டீ பெஞ்சில்.

அப்படியென்றால் அது கொடிக்கால் வாலாட்டி. ஊர் ஏரியிலேயே இருக்கும் வெண்புருவ வாலாட்டியும், குளிர்காலத்தில் கழுவெளி ஏரிக்கு வரும் மஞ்சள் வாலாட்டியும் வாலை மேலும் கீழுமாக அடிப்பவை. இது ஒன்றுதான் குறுக்கே ஆட்டும். வாலோடு பின்னுடம்பும் சேர்ந்து அசையும்.

நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதுகு பசும்பழுப்பு, நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை, கீழ்ப்பட்டை பெரும்பாலும் நடுவில் அறுந்திருக்கும். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், இறக்கையில் வெளிர்மஞ்சள் கோடுகள். வாலோடு அளந்தாலும் ஒரு சாண் வராது. தோப்பு நிழலில் இதெல்லாம் எங்கே தெரிகிறது? முதல்முறை நான் பார்த்தபோது சருகு ஒன்று ஆடுகிறது என்றுதான் நினைத்தேன். காற்றே இல்லை!

ஆள் நெருங்கினால் ‘பிங்க்’ என்று ஒரு குரல் கொடுத்துக் கிளைக்குத் தாவும். அங்கே கிளைமேலேயே நடக்கும். பெரியவர் கேட்டதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது. மற்ற வாலாட்டிகள் தரையிலும் கல்லிடுக்கிலும் கூடு கட்டும்போது, இது மரக்கிளையில் கட்டுகிறது. காட்டுப் பறவை. கிழக்குச் சைபீரியா, வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்குகிறது. இங்கே வந்தும் நிழல், ஈரம், சருகுக்கடியில் பூச்சி என்று அதே காட்டைத்தான் தேடும். அகத்தி நிழலில் ஈரம் காயாத வெற்றிலைக் கொடிக்காலை இதன் பெயரில் சேர்த்தவருக்கு நல்ல கண். சிங்களத்தில் ‘கோமரித்தா’ என்பார்கள். சாணியைக் கிளறிப் புழு தின்பதால் வந்த பெயராம்.

1789-இல் அறிவியல் பெயரிட்டபோது ‘இண்டிகா’, அதாவது இந்தியாவுடையது, என்று எழுதிவிட்டார்கள். வருஷத்தில் பாதி நாள் விருந்தாளிக்கு வீட்டுப் பட்டாவே கொடுத்த மாதிரி.

“இப்ப தோப்பைக் கூட்டிச் சருகெல்லாம் கொளுத்தணும்னு இருந்தேனே” என்றார் பெரியவர்.

சித்திரை வரைக்கும் கிணற்றோரச் சருகை மட்டுமாவது விட்டு வையுங்கள், ஐயா. அதற்குள் அது கிளம்பிவிடும்.