மணிக்குக் காலில் அடிபட்டபோது...

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "அம்மா, ஓடி வாயேன்! மணி கால்லேர்ந்து ரத்தமா கொட்டுது!" என்று என் மகள் அலறினாள். எங்கள் மணி தெருவில் உடைந்து கிடந்த பாட்டிலை மிதித்துவிட்டு வந்திருக்கிறது. வாசலிலிருந்து கூடம் வரை சிவப்புத் தடங்கள்!

"காப்பித் தூளை வச்சு அமுக்கும்மா, நின்னுடும்" என்றார் மாமியார். டப்பாவோடு ஓடிப் போய்க் காலைப் பிடித்தேனோ இல்லையோ, ஏழு வருஷமாக என் கையால் சோறு தின்ற மணி 'வள்'ளென்று என் கையைக் கவ்விவிட்டது! எப்படியோ துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். ரத்தம் நின்றதா என்று வழியெல்லாம் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். நிற்கவே இல்லை.

கால்நடை மருத்துவர் என்னைத்தான் கடிந்துகொண்டார். "நீங்க பார்க்கிற ஒவ்வொரு தடவையும், உறைய ஆரம்பிச்ச ரத்தம் பிய்ஞ்சு போகுதும்மா. அப்புறம் எப்படி நிக்கும்?"

அன்று அவரிடம் நான் கற்றுக்கொண்டதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

முதலில் வாய்க்கட்டு. வலியில் எந்த நாயும் கடிக்கும். பழைய நூல் புடவையில் இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, வாயைச் சேர்த்து ஒரு சுற்று சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுங்கள். இரு முனைகளையும் காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய், சட்டென்று அவிழ்க்கிற மாதிரி கட்டுங்கள். மூக்கு மூடக்கூடாது. வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் இது வேண்டாம்.

அடுத்து, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 5 நிமிஷம். நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள்! துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கண்ணாடி ஆழமாகக் குத்தியிருந்தால் பிடுங்காமல், அதைச் சுற்றி அழுத்துங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம், கொஞ்சம் தளர்த்துங்கள்.

காப்பித் தூள், மஞ்சள் தூள் எதுவும் வேண்டாம். அழுக்குத்தான் உள்ளே போகும். நாம் சாப்பிடும் பாரசிட்டமால், இப்யூபுரூபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. நாய்க்கு அவை விஷம்.

10 கிலோ நாயின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவுதான். அதனால் ரத்தம் பீறிட்டு அடித்தாலோ, 10 நிமிஷம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, அழுத்தியபடியே மருத்துவரிடம் ஓடுங்கள். அடிபடாமலே மூக்கில் ரத்தம் வந்தால், உண்ணிக் காய்ச்சலாகவோ எலி மருந்து தின்றதாகவோ இருக்கலாம். கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கடிபட்டது நீங்களானால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். 'வளர்த்த நாய்தானே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மணிக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருந்தும் நான் போனேன்.

மணிக்கு மூன்று தையல் போட்டார்கள், பிழைத்துக்கொண்டது. இப்போது அலமாரியில் ஒரு டப்பாவில் வெள்ளைத் துணி, பேண்டேஜ், கத்தரிக்கோல் எல்லாம் தயார். கதவில் மருத்துவரின் போன் நம்பரும் ஒட்டியிருக்கிறது.

போன மாதம் மணிக்கு நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. இப்போது என் மகளே வாயைக் கட்டிவிட்டு, சோள மாவை நகத்தில் வைத்து அழுத்தினாள். "நின்னுடுச்சா, பாரேன்" என்று குனிந்தார் மாமியார்.

"திறக்கப்படாது பாட்டி! இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகலே" என்றாள் அவள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்!