ஹோல்சேலர் கணக்கும் முதலீட்டாளர் கணக்கும்

அமெரிக்காவில் வீட்டு ஹோல்சேலர் என்றொரு தொழில் உண்டு. நம்ம ஊர் புரோக்கர் மாதிரி தோணும், ஆனா வேற. பழுதான வீட்டின் சொந்தக்காரரோடு தன் பெயரிலேயே கிரய ஒப்பந்தம் போடுவார். வீட்டை வாங்க மாட்டார். அந்த ஒப்பந்தத்தை ஒரு முதலீட்டாளருக்குக் கைமாற்றி, அதற்கு ஒரு கட்டணம் எடுத்துக்கொள்வார். முதலீட்டாளர் வீட்டைச் சரிசெய்து விற்பார், இல்லை வாடகைக்கு விடுவார்.

டாலஸில் இருந்தபோது நானும் ஒரு நண்பரும் அப்படி ஒரு ஒப்பந்தத்தை எடுத்தோம். திரும்பக் கிடைக்காத அட்வான்ஸ் 3,000 டாலர் கட்டினோம். அதோடு சரி.

இந்தத் தொழிலில் ஒரு தோராய விதி: சரிசெய்த பிறகு வீடு என்ன விலைக்குப் போகுமோ, அதில் 70 சதவீதம், அதிலிருந்து ரிப்பேர் செலவைக் கழி. வந்ததுதான் நாம் தரக்கூடிய அதிகபட்ச விலை. மீதி 30 சதவீதத்தில்தான் வட்டி, பதிவுச் செலவு, விற்கிற கமிஷன், லாபம் எல்லாம்.

ஹோல்சேலர் சொன்னது: விற்கும் விலை 2,00,000, ரிப்பேர் 40,000. அப்போ நம்ம விலை 1,00,000. நாங்கள் போட்டுப் பார்த்தால் விற்கும் விலை 1,80,000, ரிப்பேர் 55,000. விலை 71,000-க்கு வந்துவிட்டது. ஒன்றில் 10 சதவீதம், இன்னொன்றில் 15,000. சின்னப் பிழைகள்தான். ஆனா 29,000 வித்தியாசம், அவர் கட்டணமோ 12,000.

அவர் பொய் சொன்னார்னு முதலில் கோபப்பட்டேன். இப்போ அப்படி நினைக்கவில்லை. டாலஸ் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும்; அஸ்திவாரம் அசையும். பழைய வீடுகளில் தரைக்கடியில் வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய். கேமரா விட்டால்தான் ஓட்டை தெரியும். இதற்கெல்லாம் பில் கட்டிய அனுபவம் முதலீட்டாளருக்குத்தான் இருக்கு. ஹோல்சேலர் ஒப்பந்தத்தை மாற்றியதோடு போய்விடுகிறார். தன் 40,000 கடைசியில் எவ்வளவு ஆச்சுன்னு அவருக்கு யாருமே சொல்வதில்லை. பக் ரிப்போர்ட்டே வராத புரோகிராமர் எப்படித் திருந்துவார்?

அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதினது இங்கே அப்படியே பொருந்தும். நல்லது கெட்டது தெரியாத வாங்குபவர் எல்லாவற்றுக்கும் விலையைக் குறைப்பார். நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையை விட்டுப் போவார்.

அதனால் ஹோல்சேலரிடம் நான் கேட்பது அவர் கணிப்பை அல்ல. பக்கத்தில் சமீபத்தில் விற்ற மூன்று வீடுகளின் விவரம், குழாய் வீடியோ, சொந்தக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல், இவ்வளவுதான். (டெக்சஸ் சட்டப்படி, தான் விற்பது வீட்டை அல்ல, ஒப்பந்தத்தில் உள்ள உரிமையைத்தான் என்று அவர் சொல்லியே ஆகணும். 2017-ல் வந்த விதி.) பதிலுக்கு நாமும் எந்த ஏரியா, என்ன விலை வரை என்று முன்னாடியே சொல்லணும். வேண்டாம்னா ஒரே நாளில் காரணத்தோடு சொல்லணும். வேலை முடிந்ததும் ரிப்பேர் பில்லை அவருக்கு அனுப்பணும்.

எங்கள் விஷயத்தில் நாங்கள் பின்வாங்கினோம், அவரும் ஆய்வுக் காலம் முடிகிற கடைசி நாளில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். விற்க இருந்த அம்மா மகள் வீட்டுக்குப் போக பாதிச் சாமானை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தார். குழாய் ஓட்டை எங்களுக்கு எட்டு நாள் முன்பே தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை.