குற்றவியல் படித்தால் போலீஸ்தானா?

"குற்றவியல் படிக்கிறேன்" என்று சொன்னால் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ போலீஸ்ல சேரப் போறியா?" என்பதுதான். அடுத்தது, "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?" இவ்விரண்டுக்கும் விடை சொல்லவே இக்கட்டுரை.

நான் ஐந்தாம் படிவம் படித்தபோது, சின்னம்மாவின் பதினைந்து வயது மகன் ஒரு திருட்டு வழக்கில் சிக்கினான். நன்னடத்தை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து மலாயில் பொறுமையாகக் கேள்விகள் கேட்டார். சின்னம்மா எல்லாவற்றுக்கும் "யா, புவான்" என்று தலையாட்டினார். "மகனைக் கண்டிப்பதே இல்லையா?" என்ற கேள்விக்கும் அதே "யா" தான்! நான் குறுக்கிட்டேன். சின்னம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, மகன் விழித்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதில்லை என்று விளக்கினேன். அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு மீண்டும் எழுதினார்.

அந்த ஒரு பக்கத்தின் மதிப்பு எனக்குப் பல்கலைக்கழகத்தில்தான் புரிந்தது. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, குற்றம் உறுதியான சிறாருக்கு உத்தரவு பிறப்பிக்கும் முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கண்காணிப்பா, ஹென்றி கர்னி பள்ளியா என்று முடிவெடுக்க அது உதவுகிறது. தம்பிக்குக் கண்காணிப்பே கிடைத்தது. அதற்கு என் விளக்கம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், நான் இப்படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த நாள்தான் காரணம்.

குற்றவியலில் என்ன படிக்கிறோம்? மனிதன் ஏன் குற்றம் செய்கிறான், போலீஸ், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றும் எப்படி இயங்குகின்றன என்பதே அடிப்படை. உளவியலும் சமூகவியலும் புள்ளியியலும் கூடவே வரும்.

வேலை வாய்ப்புகள்? போலீஸ் படை ஒன்று. சிறைச்சாலை இலாகாவில் 2008-இல் தொடங்கிய பரோல் திட்டத்துக்கு அதிகாரிகள் தேவை. தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் மறுவாழ்வுப் பணி உண்டு. சமூகநல இலாகாவில் நன்னடத்தை அதிகாரி ஆகலாம். ஆனால், தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் இரத்தத் துளி ஆராயும் கனவோடு வராதீர்கள். அதற்குத் தடயவியலோ வேதியியலோ படிக்க வேண்டும். அரசாங்க வேலைக்குப் பட்டம் மட்டும் போதாது, எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் தேவை. இதை இடைநிலைப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

பொம்பளப் பிள்ளைக்குத் தேவையா என்போருக்கு ஒரு செய்தி: சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் அமரும் இரண்டு ஆலோசகர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்!

"தமிழ் படித்து என்ன பயன்?" என்று நம்மைக் கேட்காதவர் இல்லை. பதில் அன்று சின்னம்மா வீட்டு வரவேற்பறையில் இருந்தது. "யா" என்று தலையாட்டும் ஒரு தாய் உண்மையில் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் புரிந்து எழுத, தமிழறிந்த ஓர் அதிகாரி வேண்டும். அந்த நாற்காலியில் நம்மில் ஒருவர் அமரக்கூடாதா? சிந்திப்போம், தோழர்களே!