ஐந்து சொட்டும் அடுத்த கட்டிலும்

வாந்தியும் பேதியுமாக ஒரு பகலும் ஓர் இரவும் துவண்ட பத்து மாதக் குழந்தையைத் தோளில் சார்த்திக்கொண்டு ஒரு தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் காட்சியைக் குழந்தைகள் வார்டில் பணிபுரிந்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருக்கின்றன, உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது, அழுகிறது, கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மடிந்தபடியே நின்று, பிறகு மெல்லத்தான் தாழ்கிறது. உடலின் நீர் வற்றும்போது இரத்தக்குழாய்களும் நூலாய்ச் சுருங்கிவிடுவதால், கையில் தேடி, காலில் தேடி, கடைசியில் தலையில் ஓர் இரத்தக்குழாயைக் கண்டுபிடித்து ஊசியைச் செலுத்துவதற்குள் கைதேர்ந்த செவிலிக்கும் நெற்றி வியர்த்துவிடுகிறது.

ஊசி ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் 30 மில்லி, அடுத்த ஐந்து மணி நேரத்தில் 70 மில்லி என்று அளந்து திரவம் ஏற்ற வேண்டும்; நாடி திடமாகும் வரையில் கால் மணிக்கும் அரை மணிக்கும் ஒருமுறை வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு குழந்தைக்கு. அதே வார்டில் நெஞ்சுச்சளியால் மூச்சிரைக்கும் குழந்தை ஒரு கட்டிலிலும், ஜன்னி கண்ட குழந்தை மற்றொரு கட்டிலிலும் படுத்திருக்க, பேதி கண்ட சிசுக்கள் ஒரே வாரத்தில் பத்தும் பதினைந்துமாக வந்து சேர்ந்தால், இருக்கிற செவிலியரின் இரு கரங்களும் எத்தனை பேருக்குத்தான் எட்டும்? சிசுக்களின் கடும் பேதிக்கு எதிரான தடுப்பு மருந்தின் பயனைக் கணக்கிடுகிறவர்கள் அதைப் பெற்ற குழந்தையோடு நின்றுவிடுவது வழக்கம். அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்பும் செய்தி.

சிசுக்களின் கடும் பேதிக்கு முதன்மையான காரணமாகிய ரோட்டா வைரஸை, 1973ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து கண்டறிந்தனர். சக்கரம் போன்ற அதன் உருவமே அதற்குப் பெயராயிற்று. சிறுகுடலின் உட்சுவரில் நீரையும் உப்பையும் உறிஞ்சும் நுண்விரல்களை அது சிதைத்துவிடுகிறது. அதைக் கொல்லும் மருந்து கிடையாது. இழந்த நீரை ஈடுசெய்துகொண்டு காத்திருப்பதே வைத்தியம். தடுப்பு மருந்து பரவலாவதற்கு முன்பு, இந்தியாவில் பேதிக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் இக்கிருமி காணப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 8,72,000 குழந்தைகள் இதனால் ஆஸ்பத்திரிக் கட்டில் ஏறினர் என்றும், சுமார் 78,000 குழந்தைகள் மாண்டனர் என்றும் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டனர்.

இந்நோய் ஆஸ்பத்திரிக்கு இழைக்கும் தீங்கு இடநெருக்கடி மட்டுமன்று. மிகச் சொற்பமான கிருமிகளே தொற்றுவதற்குப் போதும். கட்டில் கம்பியிலும் விளையாட்டுச் சாமானிலும் அவை நெடுநேரம் உயிர்ப்புடன் தங்கியிருக்கும். ஆகவே, வேறொரு வியாதிக்காக வந்து தேறிக்கொண்டிருந்த குழந்தைக்கு, மறுநாள் வீடு திரும்பலாம் என்று தாய் துணிமணிகளை மடித்து வைத்திருக்கும் வேளையில் பேதி தொடங்குகிறது. குணம் தேடி வந்த இடமே நோய் கொடுத்த இடமாகிவிடும் அந்தத் துயரம், தாய்க்கும் வைத்தியருக்கும் பொதுவானது.

ஆனால் ஆஸ்பத்திரிக்குள் பரவிய இத்தகைய தொற்று ஒன்றிலிருந்தே நமது தேசத்தின் தடுப்பு மருந்தும் பிறந்தது. 1980களின் நடுவில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பிறந்த சிசுக்கள் சிலரிடம் ரோட்டா வைரஸ் இருந்தும் பேதி காணாததை மகராஜ் கிஷன் பான் முதலிய வைத்தியர்கள் கவனித்தனர். அவ்வாறு தொற்றிய குழந்தைகளுக்குப் பிற்காலத்திலும் இந்நோய் குறைவாகவே வந்ததைக் கண்டு, 116இ எனப்பட்ட அந்தக் கிருமியையே மருந்தாக்க முனைந்தனர். பல்லாண்டு உழைப்புக்குப் பின், டில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 சிசுக்களிடம் சோதிக்கப்பட்டு, ரோட்டாவாக் என்ற பெயருடன் அது வெளிவந்தது. 2016இல் ஆந்திரம், ஹரியாணா, ஹிமாசலம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசாங்கத்தின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்க்கப்பட்டது. 2017இல் தமிழகத்துக்கும், 2019க்குள் நாடு முழுமைக்கும் விரிந்தது.

பலன் என்ன? ஒன்பது மாநிலங்களின் 31 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வில், பேதிக்காகச் சேர்ந்த குழந்தைகளிடையே ரோட்டா வைரஸின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியிருந்தது. இங்கிலாந்தில் 2013 ஜூலையில் ரோட்டா தடுப்பு மருந்தை வழங்கத் தொடங்கியபின், அடுத்து வந்த பருவத்திலேயே சிசுக்களிடம் ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யப்பட்ட தொற்று 77 சதவீதம் குறைந்தது. குளிர்காலத்தில் மூச்சுநோய்க் குழந்தைகளால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் அந்நாட்டு வார்டுகளில், தொற்றுக்கு அஞ்சித் தனி அறை ஒதுக்க வேண்டிய பேதி நோயாளிகள் குறைவது எத்தகைய ஆறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இம்மருந்து முழுக் கவசம் ஆகிவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரோட்டாவாக்கின் மூன்று நகரச் சோதனையில், முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குச் சற்று மேலாகவே அது தடுத்தது. பேதி உண்டாக்கும் பிற கிருமிகளிடம் அதற்கு வேலையில்லை. கை கழுவுதலும், தாய்ப்பாலும், உப்பு சர்க்கரைக் கரைசலும், துத்தநாக மாத்திரையும் என்றும் போலத் தேவையே. எனினும், பாதிச் சுமை இறங்கினாலும் சுமப்பவனுக்கு மூச்சு திரும்புகிறதல்லவா?

ஆறாம் வாரத்திலும், பத்தாம் வாரத்திலும், பதினான்காம் வாரத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சிசுவின் கன்னத்தை இதமாக அழுத்தி, திறந்த வாயில் ஐந்து சொட்டு விடுகிறாள். சிசு முகத்தைச் சுளித்துவிட்டுத் தாயின் மடியில் உறங்கிவிடுகிறது. அந்தச் சொட்டால் பேதி நேராமற் போன ஓர் இரவில், எங்கோ ஒரு வார்டில், மூச்சிரைக்கும் வேறொரு குழந்தையின் அருகே செவிலி ஒருத்தி அவசரமின்றி அமர்ந்து அதன் சுவாசத்தை எண்ணிக்கொண்டிருப்பாள். அவளை அங்கே அமர்த்தியவள், மூன்று தவணையும் தவறாமல் சிசுவைத் தூக்கிவந்த அந்தத் தாயே.