20 டிகிரியை 12 என்று சொன்ன சென்சார்

இந்த எபிசோட்ல டர்போ பற்றி நிறையப் பேசினோம். ஆனா ஒரு சின்ன சென்சாருக்கு நேரம் கிடைக்கல. அது எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் ஐஏடி சென்சார்.

என் நண்பன் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றில் டர்போ பூட்டி, இசியுவையும் மாற்றியிருந்தான். வண்டி நல்லாத்தான் ஓடியது. ஆனா லாக் ஃபைலைத் திறந்தால், உள்ளே போகும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிராம்! சாதாரண இன்டர்கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அது நடக்காது.

"கொஞ்சம் தப்பாக் காட்டினா என்ன?" என்று கேட்டான். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. 10 டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம். அதை வைத்துத்தான் இசியு பெட்ரோலைக் கணக்கிடுகிறது. காற்று சூடானால் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றுவதும் இதே எண்ணை நம்பித்தான். உண்மையில் சூடான காற்றை இசியு குளிர் என்று நினைத்தால், பூஸ்ட் ஏறும்போது நாக் வரலாம். பிஸ்டனே உடையலாம்.

நாங்க செய்த முதல் சோதனைக்குச் செலவே இல்லை. வண்டியை ராத்திரி முழுக்க கராஜில் விட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்தோம். கூலன்ட் சென்சார் 20, சுவர் தெர்மாமீட்டரும் 20. ஐஏடி மட்டும் 12.

அடுத்தது மல்டிமீட்டர். இந்த சென்சார் சூடு ஏறினால் மின்தடை குறையும் வகை. கழற்றி அளந்தால் சுமார் 3,500 ஓம். ஜிஎம் வகை சென்சாருக்கு 20 டிகிரியில் அது சரியான அளவு. அப்போ சென்சார் நல்லது! ஆனா இசியுவில் இருந்தது பாஷ் வகை அட்டவணை. அதில் 20 டிகிரிக்கு 2,500 ஓம். 3,500 ஓம் என்றால் ஏறக்குறைய 12 டிகிரி. கணக்கு அப்படியே பொருந்தியது.

"எல்லாத்துக்கும் 8 கூட்டிடலாமே?" கூடாது. சூடு ஏற ஏற இந்த வித்தியாசம் குறையும். சரியான அட்டவணையைப் போடுவதுதான் வழி.

உங்க வண்டியில் வேறு மாதிரியும் இருக்கலாம். மைனஸ் 40 காட்டினால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும். நம்பவே முடியாத சூடு காட்டினால் ஷார்ட்டாக இருக்கலாம். சென்சாரின் கிரவுண்டை பாடியில் கொடுக்காமல் இசியுவின் சென்சார் கிரவுண்டில் கொடுங்க. டிராஃபிக்கில் நின்ற பிறகு மட்டும் 60 காட்டி, ஓட ஓட மெதுவாக இறங்குகிறதா? அலுமினிய மேனிஃபோல்டின் சூட்டை சென்சார் வாங்குகிறது என்று அர்த்தம். இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள குழாய்க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

கடைசியா, முக்கியமான ஒன்று. அட்டவணையைத் திருத்தியதும் ஜாலியா ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க. பழைய டியூன் அந்தப் பொய் எண்ணுக்கு ஏற்பச் செய்தது. எண் உண்மையானதும் பெட்ரோல் குறைந்து கலவை லீனாகும். வைட்பேண்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, பூஸ்ட் இல்லாமல் ஆரம்பித்து, மறுபடி டியூன் பண்ணுங்க. என் நண்பனும் அதைச் செய்து முடித்த பிறகுதான் பூஸ்டைத் தொட்டான்.