விளக்கு எரிந்தும் விழிக்காத மடிக்கணினி

மின்பொத்தானை அழுத்தியதும் சிறு விளக்கு ஒளிர்கிறது. உள்ளே விசிறி சுழலும் ஓசையும் கேட்கிறது. ஆயினும் திரையில் ஒன்றும் தோன்றுவதில்லை. அல்லது தோன்றிய எழுத்துக்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. மடிக்கணினியைக் கையாளும் களப்பணியாளரும் ஆசிரியரும் என்றேனும் ஒருநாள் இந்நிலையைச் சந்தித்தே தீருவர். மறுநாள் அனுப்பவேண்டிய கணக்கெடுப்பு அட்டவணையோ, மாணவர்களின் மதிப்பெண் பதிவேடோ அதனுள் இருக்குமாயின் மனம் பதறுவது இயல்பே. அந்தப் பதற்றத்தில் செய்யப்படும் காரியங்களே பெரும்பாலும் உண்மையான நஷ்டத்தை விளைவிக்கின்றன. கருவி கெட்டுப்போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அதனுள் இருக்கும் இரண்டு மாத உழைப்பு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, கணினி விழித்தெழும்போது அதனுள் நிகழ்வது யாது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

காலையில் பள்ளிக்கூடம் திறக்கப்படுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் காவலர் வந்து வெளிக்கதவைத் திறக்கிறார். அறைகளைச் சுற்றிப் பார்த்து, பலகையும் மேசையும் உரிய இடத்தில் உள்ளனவா என்று கவனிக்கிறார். பின்னர் தலைமையாசிரியர் வந்து பொறுப்பேற்கிறார். அதன் பிறகே மணி அடித்து வகுப்புகள் தொடங்குகின்றன. கணினியில் இக்காவலரின் இடத்தில் இருப்பது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட சிறு நிரல். பழைய கணினிகளில் இதனைப் பயாஸ் என்பர்; புதியவற்றில் யுஇஎஃப்ஐ என்னும் அமைப்பு அதன் இடத்தைப் பெற்றுள்ளது. இந்நிரல் நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவற்றைச் சோதித்துப் பார்த்து, இயங்குதளம் எந்தத் தட்டில் உள்ளது என்று தேடிக் கண்டு, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் முதலியவை தலைமையாசிரியரைப் போன்றவை.

இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பூட்’ என்னும் பெயர், காலணியின் வாரைப் பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்ற வேடிக்கையான வழக்கிலிருந்து பிறந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இச்சொல்லைத் தமிழாக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். ‘துவக்கம்’ என்று எழுதினால் பொருள் கிடைக்கிறது, வேடிக்கை போய்விடுகிறது. பயாஸ் என்ற பெயரை 1970-களின் நடுவில் தம் சிபி/எம் இயங்குதளத்திற்காக வழங்கியவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர். 1981-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியின் மூலம் அப்பெயர் உலகெங்கும் பரவிற்று.

இனிப் பழுதைப் பற்றிக் கூறுவோம். விழித்தெழும் வரிசையில் எந்தப் படியில் கணினி நின்றது என்று கண்டறிவதே வேலையின் பெரும்பகுதி. திரை முற்றிலும் இருண்டிருப்பின், உடனே கணினியையே குறை கூற வேண்டா. கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மறுமொழி தருமாயின் உள்ளே உயிர் இருக்கிறது. குறை திரையில் இருத்தல் கூடும். இருட்டறையில் டார்ச் விளக்கைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்சினால் மங்கலான எழுத்துக்கள் சில சமயம் தெரியும். அங்ஙனம் தெரிந்தால் பின்னொளி மட்டுமே கெட்டுள்ளது என்று கொள்ளலாம். பள்ளியில் தொலைக்காட்சியோ ஒளிவீச்சுக் கருவியோ இருப்பின் கம்பியால் இணைத்துப் பார்ப்பது இதனினும் தெளிவான சோதனை.

விசை மறுமொழி தராமல், விளக்கு குறிப்பிட்ட முறை விட்டு விட்டு மின்னினாலோ, ‘பீப்’ என்ற ஒலி பலமுறை எழுந்தாலோ, காவலர் ஏதோ குறையைக் கண்டு அறிவிக்கிறார் என்பது பொருள். எத்தனை முறை என்பதை எண்ணிக் குறித்துக்கொள்க. இச்சங்கேதங்கள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். விளக்கம் அந்தந்தக் கருவியின் கையேட்டில் இருக்கும்.

இந்நிலையில் செய்யத்தக்க முதற் சிகிச்சை மிக எளியது. மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டு, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் அகற்றி, மின்பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலகையிலுள்ள மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டம் இதனால் வடிந்துவிடும். தடுமாறி நின்ற கட்டுப்பாட்டுச் சில்லும் புதிதாகத் தொடங்கும். மந்திரம் போலத் தோன்றினும் இதில் மந்திரம் ஏதுமில்லை. மின்கலம் உப்பியிருக்கக் கண்டால் மட்டும் அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது. லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றக் கூடியவை.

அடுத்து ஐயுறத்தக்கது ராம் எனப்படும் நினைவகப் பலகை. டிடிஆர்4 வகைப் பலகையின் விளிம்பில் 260 தொடுமுனைகள் உள்ளன. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலோ புழுதிப் பாதைப் பயணத்திலோ அவற்றில் சில தொடர்பு இழந்தாலும் திரை இருண்டுவிடும். மின்சாரத்தை முற்றிலும் நீக்கி, ஏதேனும் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை வடித்த பின், இரு பக்கத்துக் கொக்கிகளையும் விலக்கினால் பலகை தானே சாய்வாக எழும். தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து, தூளை அகற்றி, அதே சாய்வில் செருகி அமர்த்த வேண்டும். இரண்டு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். மெல்லிய புதுக் கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திறப்பதில் பயனில்லை.

திரையில் நிறுவனத்தின் முத்திரை தோன்றி, பின்னர் ‘துவக்கத்தக்க சாதனம் இல்லை’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வருமாயின், காவலர் தம் கடமையைச் செய்துவிட்டார்; தலைமையாசிரியரைத்தான் காணவில்லை. முதலில் பக்கவாட்டில் பென் டிரைவ் ஏதும் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கணினி அதனைத் தட்டென்று எண்ணி அங்கே தேடிக்கொண்டிருக்கலாம். இல்லையெனில் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். டெல், ஏசர் கணினிகளில் எஃப் 2 விசையும், ஹெச்பி கணினிகளில் எஃப் 10 விசையும் பெரும்பாலும் இதற்குரியவை. அங்கே வன்தட்டின் பெயர் காணப்படுகிறதா என்பதே முக்கியமான கேள்வி. பெயர் இருந்தால் தட்டு உயிரோடிருக்கிறது. பழுது அமைப்பிலோ மென்பொருளிலோ இருக்கும். பெயர் இல்லையேல் தட்டோ அதன் இணைப்போ கெட்டிருக்கலாம்.

சுழலும் வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஓசை வந்தால் உடனே கணினியை அணைத்துவிடுக. அதன் படிப்புமுனை, நிமிஷத்திற்கு 5400 முறை சுழலும் தட்டின்மேல், தலைமயிரின் கனத்தைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதப்பது. மறுபடி மறுபடி துவக்கிப் பார்ப்பது, பதிவுள்ள பரப்பையே சுரண்டுவதாக முடியலாம்.

விண்டோஸ் தொடங்கி, பாதியில் நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் சுழற்சி மற்றொரு வகை. 2024 ஜூலை 19 அன்று இது உலகம் அறிந்த செய்தியாயிற்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு சிறு கோப்பினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அக்கணினிகளின் உறுப்புகளில் யாதொரு பழுதும் இல்லை. பாதுகாப்பு முறையில் துவக்கி அக்கோப்பை நீக்கியவுடன் அவை எழுந்தன. தொடக்கம் சில முறை தோல்வியுற்றால் விண்டோஸ் தானே பழுதுநீக்கும் பக்கத்தைக் காட்டும். அங்கே தொடக்கப் பழுதுநீக்கம், பாதுகாப்பு முறை இரண்டையும் தேடிக் கொள்ளலாம். ‘அனைத்தையும் நீக்குக’ என்ற தெரிவை மட்டும் தொட வேண்டா. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது அது.

பதிவுகளை மீட்க மற்றொரு வழியும் உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸையோ, சீ-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ வேறொரு கணினியின் உதவியால் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே துவக்கினால், தட்டில் எதனையும் மாற்றாமல் கோப்புகளை வெளியே பிரதி எடுக்கலாம். தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டும். அமைப்புப் பக்கத்தில் மாறுதல் செய்தால்கூட விண்டோஸ் அதனைக் கேட்கக் கூடும். ஆகவே கணினி நலமாக இருக்கும் இன்றே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைப்பது நன்று.

இவ்வளவும் நான் படித்து அறிந்தவை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மடிக்கணினி இவ்வாறே நின்றது. மூன்று மாதமாகத் தொகுத்த கலைச்சொல் அகராதி ஒன்று அதனுள் மட்டுமே இருந்தது. வேறு பிரதி எடுக்காதது என் குற்றம். பழுதுபார்க்கும் கடையொன்றில், தட்டு செத்துவிட்டது, உள்ளே இருப்பவை கிடைக்கா, புதியது போடலாம் என்றனர். மனம் ஒப்பாமல் திரும்பக் கொண்டுவந்தேன். அன்றிரவு அமைப்புப் பக்கத்தைத் திறந்தபோது இரண்டு செய்திகள் கண்ணிற் பட்டன. தட்டின் பெயர் அங்கே இருந்தது. தேதி மட்டும் 2012 ஜனவரி 1 என்று காட்டிற்று.

காலத்தையும் அமைப்புகளையும் காக்கும் நாணய வடிவச் சிறு மின்கலம், சிஆர் 2032 என்பது, எப்போதோ தீர்ந்திருக்கிறது. பிரதான மின்கலமும் செயலற்றுப் போனதால் கருவியை மின்னேற்றியோடு இணைத்தே வைத்திருந்தேன். ஆதலால் குறை தெரியவில்லை. பத்து நாள் விடுமுறையில் இணைப்பைப் பிடுங்கிச் சென்றபோது அமைப்புகள் யாவும் அழிந்து, துவக்க முறை யுஇஎஃப்ஐயிலிருந்து பழைய முறைக்கு மாறிவிட்டது. அதனை மீண்டும் மாற்றிச் சேமித்தேன், விண்டோஸ் எழுந்தது. அகராதியை முதலில் ஒரு பென் டிரைவிலும், பின்னர் மற்றொன்றிலும் பிரதி எடுத்த பிறகே உறங்கச் சென்றேன். மறுநாள் கடிகாரக் கடையில் வாங்கிய மின்கலத்தோடு அக்கணினி மேலும் இரண்டாண்டு உழைத்தது.